நியூரோபதியும் தடுப்பூசி பற்றிய அச்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் பாதப் பராமரிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் நான். நோயாளிகளும் அவர்களை அழைத்து வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நோயைப் பற்றிய கேள்வியும் தடுப்பூசியைப் பற்றிய கேள்வியும் பெரும்பாலும் ஒரே மூச்சில் வருவதால் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். உங்களைத் தொட்டுப் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது.

நியூரோபதி என்பது என்ன? எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தண்டுவடத்திலிருந்து கிளம்பிக் கைகால்களுக்குச் செல்லும் நரம்புகள் பழுதடைவதையே நியூரோபதி என்கிறார்கள். உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை என்பதால், பெரும்பாலானவர்களுக்கு முதலில் கால்விரல்களில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. ஏறத்தாழ முழங்கால் வரை வந்த பிறகுதான் கைவிரல் நுனிகளில் தெரிகிறது. மதமதப்பு, எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, இரவில் படுத்தபின் சுரீரென்று இழுக்கும் வலி, வெறுந்தரையிலும் பஞ்சின்மேல் நடப்பது போன்ற மயக்கம் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். சிலருக்கு வலியே இருக்காது. காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமல் சில அடி நடந்துவிட்டதாக ஒருவர் சொன்னால், எரிகிறது எரிகிறது என்று முறையிடுபவரைவிட அவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

எனக்குச் சர்க்கரை இல்லை. பிறகு ஏன் வந்தது?

சர்க்கரை நோய் முதன்மையான காரணம் என்பது உண்மை; அது ஒன்றே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, நெடுநாள் மதுப்பழக்கம், தைராய்டுக் குறைபாடு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகள், பரம்பரை என்று பட்டியல் நீளும். காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட் மாத்திரை நரம்பைப் பாதிக்கலாம் என்பதால்தான் அதனுடன் வைட்டமின் பி6 மாத்திரையும் தருகிறார்கள். சிறிய மாத்திரைதானே என்று அதை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு, ஒதுக்கக் கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்குப் பி12 அளவு குறையக்கூடும். ஆகவே சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சல் முழுவதையும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிடாமல் ஒரு முறையாவது பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிலில் இருப்பவர்கள் தாங்கள் கையாளும் பசையைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹெக்ஸேன் என்ற கரைப்பான் கலந்த பசையைக் காற்றோட்டமில்லாத அறையில் நாள் முழுவதும் சுவாசித்த செருப்புத் தொழிலாளர்களுக்குக் கைகால் நரம்புகள் பழுதானது ஜப்பானிலும் இத்தாலியிலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறது. அதற்கும் கை மரத்துப்போவதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவே கூடாது. தொழுநோய் தோல் நோயாகத் தோன்றினாலும் அடிப்படையில் நரம்பைத் தாக்கும் நோய். சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ சிவந்தோ இருக்கும் தேமல், அரிக்காது, வியர்க்காது, தொட்டால் தெரியாது. முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு விரலால் தடவினாலே தடித்த கயிறாக நெருடலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கிய பிறகு வருபவர்களைப் பார்க்கையில், சில மாதங்கள் முன்னதாக வந்திருக்கலாமே என்று மனம் வேதனைப்படும். ஏனென்றால் கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம், 6 முதல் 12 மாதங்களில் முடிந்துவிடும். நரம்பு செயலிழந்து 6 மாதங்களுக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் பெருமளவு மீட்க வாய்ப்பும் உண்டு.

உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பது பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்த மண்ணில் கற்றது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று காட்டினார். 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்தப் பணி தொடர்ந்தது. இன்று சர்க்கரை நோயாளிக்குப் பரிந்துரைக்கப்படும், நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு முதலில் தொழுநோயாளிகளின் கால்களைக் காக்கப் பயன்பட்டதுதான். எம்.சி.ஆர். செருப்பு போட்டால் ஊரார் தவறாக நினைப்பார்கள் என்று தயங்குகிறவர்களிடம் நான் இதை விரிவாகவே சொல்வேன்.

என்னென்ன பரிசோதனைகள் தேவைப்படும்?

பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்திப் பார்ப்பதும், அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பதும் முதற்படி. அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடிக்கொண்டு, அது படும்போதெல்லாம் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்ப்பார்கள். நரம்புக் கடத்தல் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. மேலும் அது பெரிய நரம்பிழைகளையே அளக்கிறது. எரிச்சலைத் தரும் நுண்ணிழைகள் மட்டும் பழுதாகியிருந்தால் அறிக்கை இயல்பாகவே வரலாம். அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதற்காக உங்கள் வலியைக் கற்பனை என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

எரிச்சலுக்குத் தரும் மாத்திரை தூக்கத்தைத் தருகிறது. நிறுத்திவிடலாமா?

பிரெகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் ஆகியவை பொதுவாகத் தரப்படும் மருந்துகள். முதல் சில நாள்களில் தூக்கமும் தலைசுற்றலும் வரலாம். இருசக்கர வண்டி ஓட்டுபவர்கள் அந்த நாள்களில் ஓட்டாமல் இருப்பது நல்லது. திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவை வலியை மட்டுமே தணிக்கும். நரம்பைச் சரிசெய்வது காரணத்தைக் கண்டு தீர்ப்பதால்தான் நடக்கும்.

'நரம்பு ஊசி', 'சத்து ஊசி' போட்டுக்கொண்டால் சரியாகுமா?

பி12 குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் பி12 ஊசி அருமருந்து. குறைவு இல்லாதவருக்கு வாரந்தோறும் போடுவதால் பயனில்லை. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: பல மாத்திரைகளில் பி12 உடன் பி6 சேர்ந்தே வருகிறது, பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். தடுப்பூசிக்கு அஞ்சி ஒதுங்கும் சிலர், பெயர் தெரியாத கலவை ஊசியை மாதக்கணக்கில் தயக்கமின்றிப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஊசி எதுவானாலும் அதன் பெயரையும் தேவையையும் கேட்டுத் தெரிந்துகொண்டே போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் பாதத்தை எப்படிப் பார்ப்பது?

இரவு படுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு காலை மற்றொரு தொடையின்மேல் வைத்து, உள்ளங்காலை முழுவதும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டிலுள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். விரலிடுக்கில் ஈரம், வெள்ளைப் பூஞ்சை, வெடிப்பு, சிவந்த இடம், கொப்புளம் இருக்கிறதா என்று கவனியுங்கள். புறங்கையால் தடவும்போது ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால், அங்கே உள்ளே காயம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். செருப்புக்குள் காலை விடும் முன் கைவிரல்களால் உள்ளே தடவிப் பாருங்கள். ஒரு முறை ஒருவரின் காலணியைக் கழற்றியபோது, அடித்தோலைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த சிறு ஆணி, பெருவிரலுக்குக் கீழே ஒரு பயறளவு குழியை உண்டாக்கியிருந்தது; காலுறையில் இரத்தம் காய்ந்திருந்தது. அவர் பேருந்து நிலையத்திலிருந்து அந்தக் காலோடுதான் நடந்து வந்திருந்தார்.

எரிச்சலைத் தணிக்கச் சுடுநீரில் காலை வைக்காதீர்கள். சூட்டைக் கால் அறியாது. முழங்கையை நனைத்துப் பார்த்த பிறகே நீரைத் தொட வேண்டும். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதையும் விட்டுவிடுங்கள்.

தீமிதிக்க வேண்டுதல் இருக்கிறது. கிரிவலமும் போக வேண்டும். என்ன செய்வது?

நம் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவும் திருவண்ணாமலைக் கிரிவலமும் எவ்வளவு ஆழமான பிடிப்பு கொண்டவை என்பதை நன்கு அறிந்தே சொல்கிறேன்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தீக்குழியில் இறங்கக் கூடாது. உணர்ச்சி உள்ளவர் சூடு பட்ட கணத்தில் காலை எடுப்பார்; உங்கள் கால் அதற்கு வழி தராது. கோயில் பெரியவர்களிடம் சொல்லி வேண்டுதலை வேறு காணிக்கையாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது குடும்பத்தில் வேறொருவர் உங்களுக்காக நிறைவேற்றட்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு போகாமல் எம்.சி.ஆர். செருப்போடு, அல்லது வண்டியில் சென்று வாருங்கள். 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கோடையில் நண்பகல் வேளையில் கோயில் பிராகாரக் கல்லில் சில நிமிடம் நின்றாலே கொப்புளம் வரும். விடியற்காலை தரிசனமே உங்களுக்கு ஏற்றது.

தடுப்பூசி நரம்பைக் கெடுக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

இந்த அச்சத்துக்கு வேர் இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மருந்து ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. அந்தத் திசுவை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பாற்றல் சிலருக்குத் தம் சொந்த நரம்பு மண்டலத்தையே தாக்கி, வாதத்தை உண்டாக்கியது. இந்தியாவில் 2004இல் அந்த மருந்து கைவிடப்பட்டது. இப்போது போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி செல் வளர்ப்பு முறையில் தயாராவது, அதில் மூளைத் திசு இல்லை. ஆக, தாத்தாவுக்கு நேர்ந்ததாகக் குடும்பத்தில் சொல்லும் கதை உண்மையாகவே இருக்கலாம். அந்த மருந்து இன்று இல்லை என்பதும் உண்மை.

இரண்டாவது நிகழ்ச்சி 1976இல் அமெரிக்காவில் நடந்தது. பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசியை 4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டபோது, ஏறத்தாழ 1 லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகக் கில்லன் பாரே நோய் வந்தது. திட்டம் அந்த ஆண்டே நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் மாறிவரும் ஃப்ளூ தடுப்பூசிகளைக் கூர்ந்து கவனித்துவருகிறார்கள். கூடுதல் ஆபத்து இருந்தால்கூட அது 10 லட்சம் ஊசிகளுக்கு 1 அல்லது 2 பேர் என்ற அளவிலேயே இருக்கிறது. ஃப்ளூ காய்ச்சலே அந்த நோயைத் தூண்டக்கூடியது என்பதையும் எதிர்த்தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கில்லன் பாரே நோய் என்பது என்ன? அதை எப்படி அடையாளம் காண்பது?

உடலின் எதிர்ப்பாற்றல் கைகால் நரம்புகளைத் தாக்கும் நோய் அது, சுருக்கமாக ஜி.பி.எஸ். என்பார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 1 முதல் 2 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களில் தொடங்குகிறது. கேம்பிலோபாக்டர் என்ற குடல் கிருமி முதன்மையான தூண்டுகோல். 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு ஒரே சமயத்தில் இந்நோய் வந்தபோது அசுத்தமான குடிநீரைத்தான் சந்தேகித்தார்கள்.

சர்க்கரையால் வரும் மதமதப்பு ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து ஏறும், ஜி.பி.எஸ். நாள்கணக்கில் ஏறும். நேற்று மாடிப்படி ஏற முடிந்தவர் இன்று ஏற முடியவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை, முகம் ஒருபுறமோ இருபுறமுமோ தொய்கிறது, விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் ஒரு மணிநேரம்கூடக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மூச்சுத் தசைகள் பலவீனமானால் செயற்கை சுவாசம் தேவைப்படும் என்பதால் அந்த வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். எதிர்ப்புப் புரதங்கள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும், இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றமும் ஒரே அளவுக்குப் பலன் தருபவை; முதல் 2 வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பெரும்பாலானவர்கள் மீண்டும் நடக்கிறார்கள்.

கொரோனா தடுப்பூசி போட்ட பிறகுதான் எனக்குக் கால் மதமதப்பு வந்தது. அதனால்தானே?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுபவரை நம்பாதீர்கள். 2021இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமை, நம் நாட்டில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட அஸ்ட்ராசெனெகா தடுப்பூசியின் மிக அரிதான பக்கவிளைவுகளில் ஜி.பி.எஸ். நோயைச் சேர்த்தது. ஆகவே ஊசிக்குப் பின் சில வாரங்களுக்குள் வேகமாக ஏறிய பலவீனம் என்றால் அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது.

ஆனால் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இன்றைய வேலூர் மாவட்ட எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 16 லட்சம் பேர் இருந்தார்கள். தடுப்பூசியே இல்லாவிட்டாலும் அத்தனை பேரில் ஆண்டுக்கு 16 முதல் 32 பேருக்கு ஜி.பி.எஸ். வரும் என்று எதிர்பார்க்கலாம். எல்லோருக்கும் ஓர் ஊசி போட்டு அடுத்த 6 வாரங்களை மட்டும் எண்ணினால், ஊசிக்குத் தொடர்பே இல்லாமல் 2 முதல் 4 பேருக்கு அந்த இடைவெளியில் நோய் வந்திருக்கும். அந்தக் குடும்பங்களுக்கு ஊசிதான் காரணமாகத் தெரியும். அப்படித் தோன்றுவதைக் குறைசொல்ல முடியாது. ஜி.பி.எஸ். நோய்க்கே இப்படியென்றால், எத்தனையோ பேருக்கு ஏற்கெனவே இருந்த சர்க்கரை நியூரோபதி அந்த ஆண்டில் முதன்முதலாகக் கவனத்துக்கு வந்ததில் வியப்பில்லை.

எனவே மூன்று விவரங்களைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்: ஊசியின் பெயரும் தேதியும், அறிகுறி தொடங்கிய தேதி, அது எவ்வளவு வேகத்தில் பரவியது என்பது. பல மாதங்கள் கழித்து மெல்லத் தொடங்கி இரு பாதங்களிலும் ஒரே அளவில் ஏறியிருந்தால் முதலில் சர்க்கரையையும் பி12ஐயும் பாருங்கள். ஊசியின்மேல் பழியைப் போட்டுவிட்டு இந்தச் சோதனைகளைச் செய்யாமல் விடுவதால், தீர்க்கக்கூடிய காரணம் கைநழுவிப் போகிறது. என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான்.

எனக்குச் சர்க்கரையால் நியூரோபதி இருக்கிறது. இனித் தடுப்பூசி போடலாமா?

போடலாம். சர்க்கரை நியூரோபதி தடுப்பூசிக்குத் தடை அல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ளூவும் நிமோனியாவும் கடுமையாக வரக்கூடும் என்பதால் அவற்றுக்கான தடுப்பூசியை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலோடு எரிச்சல் கூடுதலாகத் தெரியலாம், பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வெறும் வயிற்றோடு போகாமல், போட்டபின் 30 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

எனக்கு முன்பு ஜி.பி.எஸ். வந்திருக்கிறது. அல்லது சி.ஐ.டி.பி. இருக்கிறது. எனக்கும் இதே பதில்தானா?

இல்லை, உங்களுக்குத் தனியான பதில். ஃப்ளூ அல்லது டெட்டனஸ் ஊசி போட்ட 6 வாரங்களுக்குள் ஜி.பி.எஸ். வந்திருந்தால் அதே ஊசியை மீண்டும் போடும் முன் நரம்பியல் மருத்துவரிடம் நன்மை தீமைகளைப் பேசி முடிவு செய்ய வேண்டும். வேறு காரணத்தால் பல ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் பெரும்பாலும் பாதுகாப்பாகப் போட்டுக்கொள்ள முடிகிறது. சி.ஐ.டி.பி. என்பது ஜி.பி.எஸ். போன்ற தாக்குதல் நாள்பட நீடிக்கும் நோய். அதற்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டோ ரிடுக்சிமாப்போ எடுப்பவர்கள் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும், மற்ற ஊசிகளை எப்போது போட்டால் பலன் கிடைக்கும் என்று கேட்டு நாள் குறிக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் எடுத்தவர்களுக்கு அம்மைத் தடுப்பூசி போன்றவை சில மாதங்களுக்குப் பலிக்காமல் போகலாம்.

நாய் கடித்துவிட்டது. நரம்பு நோய் இருப்பதால் ஊசி வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

உடனே போடுங்கள். வெறிநோய் வந்தபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. எந்த நரம்பு நோயும் இந்த ஊசியைத் தவிர்க்கக் காரணமாகாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். கால் மரத்தவர்களுக்குப் பல் பட்டதே தெரியாமல் போகலாம் என்பதால் நாய் பாய்ந்த இடத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறதாமே?

ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 2 தவணை, விலை அதிகம். அக்கி ஆறியபின் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியைக் கண்டவர்கள் அதன் மதிப்பை உணர்வார்கள். இந்த ஊசிக்கும் ஜி.பி.எஸ். பற்றிய எச்சரிக்கை 2021இல் சேர்க்கப்பட்டது. கூடுதல் ஆபத்து 10 லட்சம் ஊசிகளுக்குச் சில பேர் என்ற அளவு. அக்கி வந்துவிட்டால் காவி பூசி எழுதுவதோடு நிற்காமல் 72 மணிநேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குங்கள்.

ஊசி போட்ட தோள் பல வாரங்களாக வலிக்கிறது. இது நரம்பா?

பெரும்பாலும் இல்லை. தோளின் மிக மேற்பகுதியில் ஊசி இறங்கினால் மூட்டைச் சுற்றி அழற்சி வந்து கையைத் தூக்க முடியாமல் போகலாம். பயிற்சியும் மருந்தும் உதவும். கடுமையான வலி சில நாள்களில் தணிந்து, அதன்பின் தோள் தசை மெலிந்து கை பலவீனமானால் அது தோள் நரம்புப் பின்னலின் அழற்சியாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

பக்கவிளைவு என்று சந்தேகித்தால் யாரிடம் சொல்வது? சொன்னால் திட்டுவார்களே?

திட்டினாலும் சொல்லுங்கள்; பதிவு செய்யக் கேட்பது உங்கள் உரிமை. ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ தெரிவித்தால், தடுப்பூசிக்குப் பின் நேர்ந்த பாதிப்பு என்று அவர்கள் படிவத்தில் எழுதி மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த மருந்தின் பக்கவிளைவானாலும் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். ஊசியே காரணம் என்று நிரூபித்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதில்லை, சந்தேகமே போதும். கோவிஷீல்டின் அரிய விளைவும் இப்படித் தனித்தனியாக வந்த பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துத்தான் கண்டறியப்பட்டது. போகும்போது தடுப்பூசிச் சான்றிதழ், அறிகுறி தொடங்கிய தேதி எழுதிய தாள், பழைய மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். படிவத்தின் நகலோ பதிவு எண்ணோ கேட்டு வாங்கி, நோட்டில் ஒட்டி வையுங்கள்.